எதிர்வீட்டுப் பையனின் பெயர்

நான் பொய் சொன்னேன். எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் எதிர்வீட்டுக்காரர்கள் என்று சொன்னேன். அந்த எதிர்வீட்டுக்காரர்கள்தாம் என்னையும் என் தாயையும் உயிரோடு காப்பாற்றியவர்கள்.

ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துபோன பொய்யன்று இது. நாற்பது ஆண்டுகளாக, ஆடி மாதம் வந்தால், பேர்லினில் ஏதாவதொரு வாடகை மண்டபத்தில் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பொய். உங்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணைத் துடைத்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்து, "அண்ணை, நீங்கள் சொல்லச் சொல்ல அப்பிடியே கண்ணுக்கு முன்னால நிண்டது" என்றிருக்கிறீர்கள். நின்றிருக்கும்... நான் நன்றாகத்தான் சொன்னேன்!

நடந்ததை இப்போது சொல்கிறேன். தாமதமாகத்தான். இருந்தும் கேளுங்கள்.

கொழும்பை ஒட்டிய தெகிவளையில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சின்னத் தெரு. எங்கள் அப்பா ரயில்வே எழுதுவினைஞர். சிங்களத்தில் பரீட்சை எழுதினால்தான் பதவி உயர்வு என்று சட்டம் வந்தபோது, எழுதமாட்டேன் என்று இருந்து, பழைய நாற்காலியிலேயே காலத்தை முடித்தவர். ஆனால் எதிர்வீட்டுக்காரரோடு அதே சிங்களத்தில் மணிக்கணக்காக அரட்டை அடிப்பார். பேச்சுச் சிங்களத்தோடு அவருக்குப் பகையில்லை, பரீட்சைச் சிங்களத்தோடுதான். அவர் மாரடைப்பில் போனபோது பாடையின் ஒரு பக்கத்தை அந்த எதிர்வீட்டுக்காரர்தான் தூக்கினார். பிறகு அவரும் போய்விட்டார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இரண்டு விதவைகள் மிஞ்சினார்கள்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் சோமா. நாங்கள் சோமா அக்கா என்போம். அக்கா என்ற சொல் சிங்களத்திலும் அக்காதான். அந்த ஒரு சொல்லிலாவது எங்களுக்குள் மொழிச் சண்டை வரவில்லை. அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் பள்ளி இறுதி வகுப்பு, என்னைவிட இரண்டு வயது இளையவன். என் பந்துவீச்சை ஒருநாளும் மதித்ததில்லை. இளையவன் சமன், கைக்குழந்தைப் பருவம் தாண்டாதவன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், வெள்ளவத்தைப் பக்கம் புகை எழுந்த காலையில், சோமா அக்கா ஒழுங்கையைக் கடந்து ஓடிவந்தாள். உலையில் கொதித்த சோற்றைக்கூட அம்மாவை இறக்கவிடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாமியறையில் தொங்கிய அப்பாவின் படத்தை மட்டும் அம்மா கழற்றி எடுத்தாள். எங்களிடம் இருந்த அப்பாவின் ஒரே படம் அது.

தன் வீட்டுக்குள் கொண்டுபோய், முந்தானையால் அம்மாவின் திருநீற்றைத் துடைத்தாள். பிக்குகள் ஓதிக் கட்டிய நூலைத் தன் பிள்ளைகளின் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து எங்கள் மணிக்கட்டில் கட்டினாள். காவலாக இருக்கட்டும் என்று பெற்றவள் கட்டுவித்த நூல்! அதை அவிழ்த்து அடுத்த வீட்டுக்காரனுக்குக் கட்ட எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்? பிறகு எங்களை அடுக்களைக்குப் பின்னால் விறகும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் அடுக்கிய அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அடுத்து அவள் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மூத்தவனை அனுப்பி வேப்பங்கொத்து முறித்து வரச்செய்து வாசல் நிலையில் செருகினாள். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம். எங்களுக்கும் அதுவே, அவர்களுக்கும் அதுவே. கையில் பெற்றோல் வைத்திருப்பவனும் அம்மை வீட்டுக்குள் கால் வைக்கப் பயப்படுவான். ஒரு தீவு முழுவதும் யார் தமிழன், யார் சிங்களவன் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பயத்தை எடுத்து அவள் வாசலில் கட்டினாள். அந்த நாட்டை ஆண்ட எவருக்கும் அந்தப் புத்தி வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை!

அவர்கள் வந்தார்கள். கையில் எங்கள் ஒழுங்கையின் வாக்காளர் இடாப்பு, வீடு வீடாகப் பெயர்ப்பட்டியல், இருந்தது. மூத்தவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டுத் தமிழர் எங்கே என்று கேட்டார்கள். நேற்றே போய்விட்டார்கள் என்றான். உன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, பார்க்கிறவன் பார்க்கலாம் என்றான். யாரோ ஒருவன் பொல்லால் வாயில் அடித்தான். முன்பல் உடைந்தது. அவன் எழும்பவில்லை... பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளை, இரத்தத்தை விழுங்கிக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்தான். நான் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

பிறகு எங்கள் வீடு எரிந்தது. ஓடு வெடிக்கும் சத்தம் கேட்டது.

சில நாள் கழித்து அகதி முகாமுக்குப் போகும் லொறி வந்தது. கண்ணாடிச் சட்டம் உடைந்துவிடும் என்று அம்மா அப்பாவின் படத்தை சோமா அக்காவிடம் கொடுத்தாள். நீங்கள் வீடு கட்டிய பிறகு நானே கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறேன் என்றாள் அவள். மூத்தவன் வீங்கிய வாயோடு என் தோளில் தட்டினான். அவ்வளவுதான் நான் அவனைக் கண்டது.

முகாம், கப்பல், யாழ்ப்பாணம். பிறகு, உங்களில் பலர் வந்த அதே வழி: விமானத்தில் கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லின். இரண்டாகக் கிடந்த தீவிலிருந்து இரண்டாகக் கிடந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அகதிகள் விடுதியில் மணியம் அண்ணை இருந்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர். விசாரணைக்குப் போகிற ஒவ்வொருவனையும் கட்டிலில் இருத்தி, கேள்வி கேட்டு, பழக்கி அனுப்புவார். நல்ல மனிதர், அவருடைய கையால் சோறு தின்றிருக்கிறேன். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, சிங்களவர் காப்பாத்தினவை எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. அப்ப அங்கயே இருக்கலாம்தானே எண்டு கேப்பாங்கள்."

மறைக்கச் சொன்னார். மாற்றச் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட்டுத் தப்ப எனக்கு வழியில்லை.

விசாரணை அறையில் மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி கேட்டார், யாராவது உங்களுக்கு உதவினார்களா என்று. இல்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அயலவர்கூடவா, என்றார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்: அயலவர்தான் எரித்தவர்கள், எதிர்வீட்டுப் பையன்தான் பெற்றோல் கொண்டுவந்தவன்.

யார் என்னைக் கேட்டார்கள்? அந்தப் பையனை ஏன் இழுத்தேன்? வாசற்படியில் அவனைத்தவிர வேறு முகம் எனக்கு நினைவில் இல்லாததாலா? எரித்தவர்களின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. விறகுக்குப் பின்னால் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே முகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்...

இதில் சிரிப்புக்கு இடமான பகுதியும் உண்டு. என் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அயலவர் செய்த கொடுமை அரசு செய்த கொடுமை ஆகாது என்பது காரணம். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதைவிடக் கெட்டுப்போயிராது! பிறகு உணவகங்களில் கோப்பை கழுவி, கழிப்பறை கழுவி, ஆண்டுக்கணக்கில் இங்கேயே கிடந்ததால் எல்லோரையும்போல எனக்கும் வதிவிட உரிமை கிடைத்தது. அந்தப் பொய் எனக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

அப்படியானால் ஏன் அதை விடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்கிறேன்.

விடுதியில் என்னோடு இருந்தவர்கள்தாம் முதல் நினைவுக் கூட்டத்தை வைத்தார்கள். உன் கதையைச் சொல் என்றார்கள். விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் வாயிலாக விடுதிக்குள் பரவியிருந்த கதை அது. மேடையில் ஏறி அதையே சொன்னேன். மண்டபம் அழுதது. அடுத்த ஆண்டும் கூப்பிட்டார்கள். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகக் குண்டு விழுந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது என் அம்மா வழியில் மருந்தில்லாமல் இறந்துபோனாள். அந்தக் காலத்தில் ஒரு நல்ல சிங்களத்தியின் கதையை யாரிடம் சொல்வது? சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் என்னை யாரும் வெருட்டவில்லை. எனக்குக் கைதட்டல் பிடித்திருந்தது.

எரிந்தது உண்மை. எரித்தவர்கள் உண்மை. அரசு பார்த்துக்கொண்டு இருந்தது உண்மை. அவ்வளவு உண்மையும் போதாதென்றா நான் ஒரு பொய்யைச் சேர்த்தேன்?

என் மனைவிக்கும் அதே கதைதான். அதை நம்பியே அவள் கண்ணை மூடினாள். எங்கள் ஒரே மகள் ஆரணி அந்தக் கதையோடுதான் வளர்ந்தாள். அவளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஜெர்மன் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறாள். அவர்களுடைய பாட்டன்மார் செய்ததை அவர்கள் முகத்துக்கு நேரே, கோபமில்லாமல், ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் அவளை மதிக்கிறார்கள். ஒன்றை நம்பமுன் இரண்டு சான்று கேட்பவள். அப்பன் சொன்னதற்கு மட்டும் சான்று கேட்கவில்லை.

அண்மையில் அந்தத் தீவில் எரிபொருளும் மருந்தும் இல்லாமல்போய், மக்கள் திரண்டு ஆட்சித் தலைவரின் மாளிகைக்குள்ளேயே புகுந்தார்களே... கடற்கரையில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாக நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஆரணி நெகிழ்ந்துபோனாள். அடுத்த விடுமுறைக்கே புறப்பட்டுவிட்டாள். நீங்கள் இருந்த ஒழுங்கையைப் பார்க்கப் போறன் அப்பா, என்றாள். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது?

பேர்லினுக்குத் திரும்பி வந்து, நொய்கெல்ன் பகுதியில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னாள். எங்கள் வளவில் இப்போது மாடி வீடு நிற்கிறதாம். எதிர்வீடு அப்படியே இருக்கிறதாம். முன்னறையில் கைத்தொலைபேசி திருத்தும் கடை போட்டிருக்கிறார்களாம். இவள் முச்சக்கர வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து ஒரு கிழவி தடியூன்றி வந்திருக்கிறாள். வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியும். எதிர்வளவில் இருந்தவரின் மகள் என்று அவர் சொன்னதும் கிழவி இவள் கன்னத்தைத் தொட்டிருக்கிறாள். அப்பா சுகமா, உள்ளே வரட்டும், தேநீர் குடிக்கட்டும் என்றிருக்கிறாள்.

"நான் சொன்னன் அப்பா. எங்கட வீட்டை எரிச்ச வீட்டில நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு சொன்னன்."

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "அந்த வண்டிக்காரன் அதை அவவுக்குச் சொன்னவனோ?"

"சொல்ல விரும்பேல்லை. நான்தான் சொல்லச் சொன்னனான். வடிவாச் சொன்னவர்."

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். வண்டி புறப்படும்போது எடுத்தது. படலையில் சோமா அக்கா நிற்கிறாள். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டபிறகும் உள்ளே போய், பத்திரிகைத்தாளில் சுற்றிய தட்டையான ஒரு பொருளை எடுத்துவந்து, ஓடும் வண்டியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, சுவரில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம் தெரிந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு.

"என்னவோ தரப் பாத்தவ. வேண்டாம் எண்டிட்டன். அந்தப் படத்தில இருக்கிறவன் ஆமிக்காரனா இருப்பான், என்ன அப்பா?"

அப்போது சொல்லியிருக்கலாம். பிள்ளை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்!

"நல்லது பிள்ளை," என்றேன். "நீ செய்தது சரி."

விசாரணை அறையில் சொன்னதைப் பயத்தில் சொன்னேன் என்று யாராவது மன்னிக்கக்கூடும். மண்டபத்தில் சொன்னதை வயசுக்கோளாறு என்று தள்ளலாம். இந்த 'நல்லது' என்ற சொல்லை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்தப் படத்தில் கடையின் பெயர்ப்பலகையும் தெரிந்தது, தொலைபேசி இலக்கத்தோடு. இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தேன். ஒருநாள் எடுத்தேன். சமன் பேசினான். நாற்பது ஆண்டு துருப்பிடித்த என் சிங்களத்தை அவன் பொறுமையாகக் கேட்டான். யாரென்று தெரிந்ததும் குரல் மாறியது. அம்மா போய்விட்டார், போன மாதம்தான் பிக்குகளுக்கு மூன்றாம் மாதத் தானம் கொடுத்தோம் என்றான்.

அண்ணனைப் பற்றிக் கேட்டேன். எண்பத்தொன்பதில், தெற்கில் சிங்கள இளைஞர்களை அரசு வேட்டையாடிய காலத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அப்போதும் ஆட்கள் பெயர்ப்பட்டியலோடுதான் வந்தார்களாம். உடல்கூடக் கிடைக்கவில்லையாம். என்னை எரித்துத் துரத்திய அதே ஆட்சி அவனை விழுங்கிவிட்டது. அவன் செத்துப்போனது தெரியாமல், ஒவ்வோர் ஆடியிலும் அவன் கையில் நான் பெற்றோல் கொடுத்துக்கொண்டிருந்தேன்...

மகள் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தடுமாறினேன். சமன் சொன்னான், அம்மாவுக்குக் கோபமேயில்லை. "அந்தப் பிள்ளைக்கு யாரோ பிழையாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். தகப்பன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். பிறகு அவன் கேட்டான்: "யார் சொன்னது, அண்ணே?"

"தெரியாது," என்றேன். ஆம், மறுபடியும்!

அப்பாவின் படத்தை அனுப்பிவைப்பதாகச் சொன்னான். சில வாரங்களில் சுங்க அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பொதியை அதிகாரிக்கு முன்னால் பிரித்துக் காட்டவேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். மேசைக்கு அப்பால் ஓர் இளம்பெண் அதிகாரி. சிங்களப் பத்திரிகைத்தாளை மெதுவாக விலக்கினாள். அப்பா வெளியே வந்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டத்தின் மூலைகளில் புதிய ஆணி அடித்திருந்தது. கறையான் அரித்த பலகையை அவர்கள் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

இது யார் என்றாள். என் தகப்பன் என்றேன். பெறுமதி என்ன என்றாள். நான் சட்டத்தின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தேன். விற்கும் பொருளன்று என்று அவளே எழுதிக்கொண்டாள். யார் அனுப்பினார்கள் என்றாள்.

"எங்கள் அயலவர். இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தார்கள்."

"நல்ல அயலவர்," என்றாள் அவள், பொதியை என் பக்கம் தள்ளியபடி.

இந்த நாட்டு அரசாங்க மேசை ஒன்றில் அவர்களைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது. சம்பந்தமில்லாத ஒருத்தியிடம் சொல்வது எவ்வளவு இலகு! உங்களிடம் சொல்வதும் இலகுதான். நீங்கள் என் மகள் அல்லவே.

படம் இப்போது என் உடுப்பு அலுமாரிக்குள் இருக்கிறது. ஆரணி தன் பாட்டனின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்பாள், எரிந்த வீட்டிலிருந்து இது எப்படி வந்தது என்று. நேற்று மாலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். எனக்கு மேடையில் நின்று பேச ஏலாமல் போனதால் இம்முறை ஆடி நினைவுக் கூட்டத்தில் அவள்தான் பேசுகிறாள்.

"அப்பா, அந்த எதிர்வீட்டுப் பெடியன்ர பேர் என்ன? எல்லாரும் 'அவங்கள், அவங்கள்' எண்டே கதைக்கிறம். பேரைச் சொன்னால்தான் வரலாறு. நான் இந்த முறை பேரைச் சொல்லப்போறன்."

அலுமாரிக் கதவு பாதி திறந்திருந்தது.

"மறந்துபோச்சுப் பிள்ளை," என்றேன்.

அவன் பெயர் நிமல். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை அவள் பேசுகிறாள், முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்களாம்.